கௌரவத் தமிழன் ஒர்ஹான்

அன்வர் பாட்சா இருந்தவரை இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார். இப்போது குறுக்கே பேச அவர் இல்லை. முழுவதையும் சொல்லிவிடலாம்.

நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ முத்தமிழ் மாமன்றத்துக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. இருந்தது என்றால், பச்சை நிறத்தில் பனியன்கள் இருந்தன. முதுகில் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவரவர் பதவி அச்சிடப்பட்டிருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், இணைச் செயலாளர், மலர்க்குழு. ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது என்பதும் பதவியைப் பொறுத்ததுதான். தலைவர் கஸ்தூரிரங்கன் முன்வரிசையில் நடுவில் நிற்பார். செயலாளர் வாஞ்சிநாதன் அவருக்கு வலப்பக்கம். கைக்கு வந்ததை வெளியே விடாத பழக்கம் இருந்ததால் பொருளாளர் கோல் கீப்பர். முன்னாள் தலைவர்கள் மூவரும் ஆலோசகர்கள் என்ற முறையில் பின்வரிசையில் நிற்பார்கள். அவர்கள் ஓட வேண்டியதில்லை, ஆலோசனை சொன்னால் போதும்.

நடுக்களத்தில் மட்டும் உருப்படியாக யாரும் நிற்பதில்லை. அங்கே நிறைய ஓட வேண்டும், போட்டோவிலும் விழாது. அதனால் மாமன்றம் அந்த இடத்துக்கென்று ஒரு பதவியை உருவாக்கவே இல்லை.

வருடத்துக்கு ஒரு ஆட்டம். லேபர் டே விடுமுறையில், எடிசன் பக்கத்து மலையாளிகளோடு. மலையாளிகள் நடுக்களத்தின் வழியாக, மாலில் கடை பார்த்துக்கொண்டு போகிறவர்களைப் போல நிதானமாக வந்து கோல் போட்டுவிட்டுப் போவார்கள். முந்தைய ஆண்டு பதினொன்றுக்குப் பூஜ்யம். அன்று மேடையில் கஸ்தூரிரங்கன் சொன்னார்: "அவர்கள் பதினோரு பேர். பதினொரு கோல். ஆளுக்கு ஒன்று. விருந்தினரில் பெரியவர் சிறியவர் பார்க்காத பண்பாடு நம்முடையது." பெரிய கைதட்டல்.

அன்வர் பாட்சாவின் பனியனில் 'உறுப்பினர்' என்று போட்டிருந்தது. உறுப்பினருக்கு உரிய இடம் பெஞ்சு. அதிராம்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் சாயங்காலமானால் பாதி ஊர் பந்தைத் துரத்தும், மீதி ஊர் சுற்றி நின்று திட்டும். அப்படி ஓர் ஊரில் இடது ஓரத்தில் ஓடி வளர்ந்தவர், பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, வருடத்துக்கு ஒரு நாள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வெட்டிய ஆரஞ்சை எடுத்துக்கொண்டு தலைவர், "பாய் கைக்கு ஒரு தனி டேஸ்ட்டுப்பா" என்பார். இதுவரை மாமன்றம் அவருக்குக் கொடுத்த பட்டம் அது ஒன்றுதான்.

2007 கோடையில் அபார்ட்மெண்டின் லாண்டிரி அறையில் அவர் ஒர்ஹானைப் பார்த்தார்.

வாஷிங் மெஷின் சுற்றி முடிவதற்காகக் காத்திருந்த ஒரு ஆள், ஒரு ஜோடி சாக்ஸை உருண்டையாகச் சுருட்டி, செருப்புக் காலால் தட்டிக்கொண்டிருந்தான். சாக்ஸ் தரைக்கு வரவே இல்லை. முழங்காலுக்குப் போனது, தோளுக்குப் போனது, பிடரியில் கொஞ்ச நேரம் தூங்கியது, மறுபடி கால் விரலுக்கு வந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் ஒட்டியிருந்த, வாடகை தாமதமானால் என்ன ஆகும் என்ற நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தான். அன்வர் பாட்சா கையில் இருந்த சோப்புத் தூளைத் தன் பாதத்தில் கொட்டிக்கொண்டார்.

"நீங்கள் ஆடுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆடினேன்" என்றான் அவன். "இப்போது ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை, வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கிறார்கள்."

ஒர்ஹான் கர்தால் பிறந்தது ஜெர்மனியில் ஒரு நிலக்கரி ஊர். அப்பா துருக்கியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். பையன் பத்தொன்பது வயதில் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான், நடுக்களத்தில். இரண்டாம் பிரிவு, அப்புறம் முதல் பிரிவு. அங்கே அவன் ஒரு பாஸ் தவறவிட்டால் "துருக்கிக்குப் போ" என்று கத்தினார்கள். ஒரே ஒரு தடவை ஜெர்மனியின் தேசிய அணி கூப்பிட்டது. கடைசி நிமிடத்தில் உள்ளே இறக்கிவிட்டார்கள். பந்து அவனை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே நடுவர் விசிலை ஊதிவிட்டார். அது முறையான போட்டி. அதனால் விதிப்படி இனி அவன் துருக்கிக்காக ஆட முடியாது. தொடாத ஒரு பந்தால் அவன் சாகும்வரை ஜெர்மன்காரன். பிறகு இஸ்தான்புல்லில் ஒரு கிளப் வாங்கியது. அங்கே பாஸ் தவறினால் "ஜெர்மனிக்குப் போ" என்று கத்தினார்கள்.

"நியூ ஜெர்சிக்கு வந்தேன். இங்கே என்ன செய்தாலும் 'டிஃபென்ஸ், டிஃபென்ஸ்' என்று கத்துகிறார்கள். யாரும் எங்கேயும் போகச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது."

பிறகு கணுக்கால் போனது. கடைசி ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். மல்லாந்து கிடந்தவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மெத்தைக் கடையின் விளம்பரப் பலகை.

"ஆட்டம் முடிந்து மைதானத்தை விட்டு நடந்து வெளியே வருவது இருக்கிறதே" என்றான் ஒர்ஹான், "அது எனக்குப் பாக்கி. முழு ஆட்டம். விசில். அப்புறம் என் காலால் வெளியே நடக்க வேண்டும். இந்தக் கணுக்கால் இன்னும் ஒரு ஆட்டம் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றை எங்கே ஆடுவது என்றுதான் தெரியவில்லை."

அன்வர் பாட்சா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி அமீருன்னிசா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"இதுல என்னா யோசனை மச்சான்? உங்க மாமன்றத்துலதான் நடுவுல ஆளே இல்லையே. அந்தத் தம்பிய அங்க நிறுத்துங்க. அவருக்கும் ஆட்டம் ஆச்சு. அவரு பக்கத்துல நின்னா உங்களுக்கும் ஒரு பந்து வரும்."

"நான் பெஞ்சுல."

"பெஞ்சு எங்கயும் ஓடிப் போவாது. கேட்டுத்தான் பாருங்களேன்."

அவர் வாஞ்சிநாதனுக்குப் போன் செய்தார்.

"நேஷனல் டீமா? ஜெர்மன் நேஷனல் டீமா பாய்?" வாஞ்சிநாதனின் குரல் போனிலேயே எழுந்து நின்றது. "எவ்ளோ நேரம் ஆடினாரு?"

"ஒரு நிமிஷம் சார். பந்து படல."

"பட்டா என்ன படாட்டி என்ன, மலர்ல ஃபுல் பேஜ் போடலாம். ஆனா ஒரு ஸ்மால் இஷ்யூ பாய். பைலாப்படி டீம்ல தமிழர் மட்டும்தான் ப்ளே பண்ணலாம். முன்னாடி ட்ரெஷரர் தன்னோட தெலுங்கு மச்சினனக் கூட்டிட்டு வந்துட்டாரு, அதுலேர்ந்து ஸ்ட்ரிக்ட் பண்ணிட்டோம். கமிட்டி போட்டு அவர் தமிழரான்னு டிசைட் பண்ணிடலாம்."

"அவர் துருக்கிக்காரர் சார். ஜெர்மனில பொறந்தவர்."

"அத கமிட்டி சொல்லட்டும் பாய். நாமளா எப்படி முடிவு பண்றது?"

கமிட்டி கிளப் ஹவுஸில் கூடியது. மேஜைமேல் சிறிய குத்துவிளக்கு, பாட்டரியில் எரிவது, ஏனென்றால் தீயைக் கண்டால் அபார்ட்மெண்டின் அலாரம் அலறும். மேஜைக்குப் பின்னால் தலைவர், செயலாளர், பண்பாட்டுச் செயலாளர் பர்வதம் ஆன்ட்டி, கலைச்சொல் துணைக்குழுத் தலைவர் நாகரத்தினம். எதிரே மடக்கு நாற்காலியில் ஒர்ஹான். மொழிபெயர்க்கப் பக்கத்தில் அன்வர் பாட்சா. எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் மாமன்ற நடவடிக்கைகள் தமிழில்தான் நடக்க வேண்டும் என்று விதி.

கஸ்தூரிரங்கன் தொண்டையைச் செருமினார். "முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இது விசாரணை அல்ல. யார் தமிழர் என்ற கேள்விக்குப் பல்லாயிரம் ஆண்டுகளாக விடை தேடப்படுகிறது. நாம் ஏழு மணிக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு இந்த ஹாலில் யாருக்கோ பேபி ஷவர்."

"தாய்மொழி என்னன்னு கேளுங்க பாய்" என்றார் வாஞ்சிநாதன்.

ஒர்ஹான் சொன்னான்: "வீட்டில் துருக்கி. பள்ளியில் ஜெர்மன். மைதானத்தில் கெட்ட வார்த்தை, எந்த மொழியில் கிடைத்தாலும்."

"சொந்த ஊர்?"

ஒர்ஹான் பெருமூச்சு விட்டான். "ஜெர்மனியில் இதைக் கேட்பார்கள். பிறந்த ஊரைச் சொல்வேன். 'அது சரி, உண்மையில் எந்த ஊர்?' என்பார்கள். துருக்கியில் கேட்பார்கள். அப்பா ஊரைச் சொல்வேன். 'அது சரி, உண்மையில் எந்த ஊர்?' என்பார்கள். நீங்களும் அப்படிக் கேட்பீர்களா?"

அன்வர் பாட்சா மொழிபெயர்த்தார். கமிட்டிக்கு மனசு உருகிவிட்டது. பர்வதம் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ச்சே, நாங்க அப்படிக் கேக்கற ஆளுங்க இல்லைன்னு சொல்லுங்க பாய்" என்றார் வாஞ்சிநாதன். பேனாவைத் திறந்து குனிந்தார். "சரி, ரியலி எந்த ஊரு?"

அடுத்து நாகரத்தினம். அவர் கையில் மூன்று அகராதிகள் இருந்தன. "இவர் மிட்ஃபீல்டர் என்று சொல்கிறீர்கள். அதற்கு நம் மன்றம் ஏற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் ஆளை எப்படி நிறுத்துவது? நாளைக்கு யாராவது கேட்டால் அவர் எங்கே நின்றார் என்று சொல்வது?"

இதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. இடைநிலையர், மையத்தர், நடுவண் உதைஞர் என்று சொற்கள் வந்து விழுந்தன. 'நடுவண் உதைஞர்' மத்திய அரசு ஊழியர் மாதிரி இருக்கிறது என்று பர்வதம் ஆன்ட்டி மறுத்தார். கடைசியில் தலைவர், "நடுக்கள நாயகர்" என்றார். தலைவர் சொன்னதால் அது நல்ல சொல்லாக இருந்தது.

பர்வதம் ஆன்ட்டிக்கு ஒரே ஒரு கேள்விதான். "சாப்பாட்டக் கடைசில எப்படி முடிப்பாருன்னு கேளுங்கோ."

"தயிர்" என்றான் ஒர்ஹான். "அம்மா சோற்றில் தயிர் ஊற்றித் தருவாள். அது இல்லாமல் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது."

பர்வதம் ஆன்ட்டி மெதுவாக எழுந்து நின்றார்.

"தயிர்சாதம்! சொல்லிக்குடுக்காம வருதே! இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

ஒருமனதாக முடிவானது. யவனர் காலத்திலிருந்தே அந்தத் திசையோடு நமக்குக் கப்பல் தொடர்பு உண்டு என்றும், போன கப்பலில் யார் வந்தார்கள் வந்த கப்பலில் யார் போனார்கள் என்று யாரால் சொல்ல முடியும் என்றும் தலைவர் கேட்டார். ஒர்ஹான் கர்தால், கௌரவத் தமிழர்.

அன்வர் பாட்சா எழுந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். அப்போது வாஞ்சிநாதன், "ஒன் மினிட் பாய். இவருக்கு மட்டும் இன்டர்வியூ வச்சா பாகுபாடு ஆயிடும். டீம்ல எல்லாருக்கும் வச்சுடணும்" என்றார்.

"ரொம்ப சரி" என்றார் தலைவர். "பொறுப்பில் இருப்பவர்கள் பதவி காரணமாகவே தமிழர்கள். மற்றவர்களுக்கு மட்டும் வைத்தால் போதும்."

மற்றவர்கள் என்று பார்த்தால் அன்வர் பாட்சா ஒருவர்தான் இருந்தார். ஒர்ஹான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்கார்ந்தார்.

"வீட்ல உருது தானே பாய்?"

"இல்லீங்க. தமிழ்தான்."

"ஓ! ஆனா நல்லாத்தான் பேசுறீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க உம்மாகிட்ட."

"அவங்க எங்க கத்துக்கிட்டாங்க?"

அந்தக் கேள்வி இப்படியே பின்னால் போனால் எங்கே போய் நிற்கும் என்று அன்வர் பாட்சா யோசித்தார். அதற்குள் பர்வதம் ஆன்ட்டி அன்பாகக் கேட்டார்: "சாப்பாட்டக் கடைசில எப்படி முடிப்பேள்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அன்வர் பாட்சாவின் வழக்கத்தில் இல்லை. "எங்க வீட்ல மீன் ஆணம் ஆன்ட்டி, மீன் கொழம்பு. அது தீர்ந்தாச் சாப்பாடு முடிஞ்சிடும்."

நான்கு பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதின. வெளியே பேபி ஷவருக்கு பலூன்கள் வந்துவிட்டன. அவர் விஷயம் 'பரிசீலனையில்' என்று வைக்கப்பட்டது.

வீட்டில் அமீருன்னிசா கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "வாஞ்சிநாதன் சார் புள்ளைக்கு போன வாரம் 'சோறு வேணுமா தம்பி'ன்னேன். 'வாட் இஸ் சோறு?'ங்குது. அவங்க தமிழாளு. நீங்க பரிசீலனையா? இருங்க மச்சான், நான் ஒரு போன் போடறேன்."

"வேணாம் அமீரு. ஆட்டம் முடியட்டும்."

லாண்டிரி அறையில் ஒர்ஹான் இதை நம்பவே இல்லை. "நான் பாஸ். நீ ஃபெயிலா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டிரையரின்மேல் சாய்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்படியானால் நானும் ஆடவில்லை. இந்த விளையாட்டை இரண்டு நாடுகளில் பார்த்துவிட்டேன். மூன்றாவது வேண்டாம்."

"நீ ஆடு" என்றார் அன்வர் பாட்சா. "எனக்குப் பெஞ்சு பழக்கம்தான். நீ நடந்து வெளியே வருவதை நான் பார்க்க வேண்டும்."

ஆட்டத்தன்று டவுன்ஷிப் பூங்காவில் மலையாளிகள் மதியமே வந்து, உடம்பைச் சூடாக்கி, அது ஆறி, மறுபடி சூடாக்கி, பிறகு மரத்தடியில் படுத்து ஏத்தங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். மைதானத்தின் நடுவட்டத்தில் மேடை. மேடையில் குத்துவிளக்கு, இந்தத் தடவை நிஜத் தீ. ஒரு திரி ஏற்றினால் காற்று இன்னொன்றை அணைத்தது. ஐந்து முகமும் ஒரே நேரத்தில் எரியாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. நடுவர் பெரு நாட்டுக்காரர், மாவட்டத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். தன் தொப்பியால் காற்றைத் தடுத்து நின்றார். அதற்காக அவருக்கு முதல் பொன்னாடை.

மலையாளிகளின் கேப்டன் குஞ்ஞுமோன் அன்வர் பாட்சாவிடம் வந்து, இன்றைக்கு ஆட்டம் உண்டா என்று மெதுவாகக் கேட்டார்: "பாட்சாக்கா, இந்நு களி உண்டோ, அதோ கல்யாணமோ?"

அப்போது தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார்.

"ஜெர்மானிய நாட்டின் சார்பில் ஒரு நிமிடம் களத்தில் நின்று, எதிரிகளில் ஒருவரைக்கூடப் பந்தைத் தொட விடாமல், தானும் தொடாமல், போரைத் தவிர்த்த உத்தமர் நம் ஒர்ஹான்! ஜெர்மனி 'வா மகனே' என்றது. துருக்கி 'எங்கள் செல்வமே' என்றது. இரண்டையும் உதறிவிட்டு இந்த மாமன்றத்தைத் தேடி வந்திருக்கிறார்! ஏன்? இங்கே யாரும் யாரையும் 'நீ எங்கிருந்து வந்தாய்' என்று கேட்பதில்லை. நம் அன்வர் பாட்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடமாகத் தமிழர்களோடு தமிழராகவே பழகுகிறார்! நாம் என்றைக்காவது வித்தியாசமாக நடத்தியிருக்கிறோமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அன்வர் பாட்சா பெஞ்சில் ஆரஞ்சும் கத்தியுமாக உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

ஒர்ஹானுக்குப் பொன்னாடை, பட்டம், வெள்ளி முலாம் பூசிய காலணி, வெற்றிலைத் தட்டு. அவன் பனியனில் 'நடுக்கள நாயகர்' என்று முதுகு கொள்ளாமல் எழுதி, கடைசி இரண்டு எழுத்து கைக்குப் போயிருந்தது. பூங்காவுக்கு அனுமதி ஆறு மணி வரை. நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். மேடையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். இடைவேளை கிடையாது என்ற ஒப்பந்தத்தோடு ஆட்டம் ஒருவழியாகத் தொடங்கியது.

அதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒர்ஹான் ஓடவே இல்லை என்றுதான் தோன்றும். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி முன்கூட்டியே நின்றிருப்பான். மலையாளிகள் வழக்கம்போல் நடுவில் நடந்து வந்தார்கள், பந்து இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். குஞ்ஞுமோன் முதல் முறையாக சிப்ஸைத் துப்பிவிட்டு ஓடினார்.

கொடுமை என்னவென்றால், ஒர்ஹான் தட்டிக் கொடுத்த பந்துகளை வாங்க முன்னால் ஆள் இல்லை. வாஞ்சிநாதன் பந்து வரும்போதெல்லாம் "தலைவருக்கு! தலைவருக்கு!" என்று ஒதுங்கினார். தலைவரோ பத்தடிக்கு ஒரு தடவை போட்டோகிராஃபர் இருக்கும் பக்கம் திரும்பி நின்றார். கடைசியில் ஒர்ஹான் தானே அடித்தான். பந்து போய் தலைவரின் முதுகில், 'தலைவர்' என்ற எழுத்தில் சரியாக மோதி, திசை மாறி, வலைக்குள் போனது.

மாமன்ற வரலாற்றின் முதல் கோல். ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "முதுகில் வாங்கியும் வெல்பவன் தமிழன்" என்று அவர் நான்கு வார்த்தை பேசினார். பேசி முடிப்பதற்குள் மலையாளிகள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கியதை, மைக் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வாஞ்சிநாதனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவரைத் தூக்கி வெளியே கிடத்தினார்கள். பெஞ்சில் இருந்த ஒரே ஆள் அன்வர் பாட்சா. மகன் ஹாமித் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "வாப்பா, கோ! கோ!"

அவர் எழுந்தார். வாஞ்சிநாதன் படுத்தபடியே கையை உயர்த்தினார். "பாய், ஒரு நிமிஷம். உங்க மேட்டர் பெண்டிங்ல இருக்கே. அவசரச் செயற்குழு கூட்டிடலாம். தலைவரே! கோரம் வேணும்!"

கோரத்துக்கு ஏழு பேர் வேண்டும். பந்து ஆடுகளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைவர், பொருளாளர் என்று ஒவ்வொருவராகக் களத்தை விட்டு இறங்கிவந்து, மைதானத்து மூலையில் கோடிக்கொடியருகே வாஞ்சிநாதனைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்தார்கள். பாட்டரி விளக்கை ஏற்றினார்கள். வரவேற்புரை தொடங்கியது. கோல் கம்பத்துக்கு நடுவில் ஆளில்லை, மலையாளிகள் இன்னும் இரண்டு கோல் போட்டார்கள். உள்ளே ஒர்ஹானும், நின்ற இடத்தில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த முன்னாள் தலைவர்கள் மூவரும் மட்டும் மிச்சம்.

ஒர்ஹான் கோட்டருகே வந்தான். வியர்த்துக் கொட்டியது, லேசாக நொண்டினான். "அன்வர். வா."

"என்னை இன்னும்..."

பெரு நாட்டு நடுவர் குறுக்கிட்டார். "ஆடப் போகிறாயா, இல்லையா?" குனிந்து அன்வர் பாட்சாவின் காலணி அடியைப் பார்த்தார். "ஷூ சரி. உள்ளே போ."

மைதானத்துக்குள் போக வேறு எதுவும் தேவைப்படாது என்பது அன்வர் பாட்சாவுக்கு மறந்தே போயிருந்தது. போனார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் அன்வர் பாட்சா எழுந்து நின்றுதான் சொல்வார். இடது ஓரத்தில் ஓடினார். கேட்காமலே பந்து வந்தது. திருப்பிக் கொடுத்தார். மறுபடி வந்தது, இன்னும் நல்ல இடத்தில். இரண்டே பேர் எதிரே பதினோரு பேரை, ஒருவர் கையில் ஒருவர் தட்டு நீட்டுவதைப் போலப் பந்தை நீட்டி நீட்டிக் கடந்தார்கள். ஓரத்தில் அமீருன்னிசா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே ஓடினார். கடைசியாக ஒர்ஹான் வலதுபக்கம் பார்த்துக்கொண்டே இடதுபக்கம் தள்ளினான். அன்வர் பாட்சா அடித்தார். கோல். குஞ்ஞுமோன் ஓடிவந்து எதிரணி என்பதை மறந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

மாமன்றத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. செயற்குழு அப்போது சென்ற கூட்டத்தின் அறிக்கைக்கு ஒப்புதல் அளித்துக்கொண்டிருந்தது.

நான்குக்கு இரண்டு, மலையாளிகளுக்கு வெற்றி. விசில் ஊதியது. ஒர்ஹான் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். நிமிர்ந்தான். முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. நடுவட்டத்திலிருந்து கோட்டைப் பார்த்து முதல் அடி எடுத்து வைத்தான்.

அந்த நேரம் பார்த்துச் செயற்குழு, அன்வர் பாட்சா விஷயத்துக்கு வராமலே முடிந்தது. விசில் சத்தம் கேட்டுத் திரும்பிய கஸ்தூரிரங்கன், சிறப்பு விருந்தினர் தனியாக நடந்து வருவதைக் கண்டு பதறிப்போனார். "என்னப்பா இது! நம்ம மரியாதை என்ன ஆறது? நடக்க விடாதீங்க! தூக்குங்க!"

ஏழு பேர் ஓடினார்கள். ஒர்ஹானை அலாக்காகத் தோளுக்குத் தூக்கினார்கள். "நடுக்கள நாயகர்... வாழ்க!" அவன் ஜெர்மனில் கத்தினான், துருக்கியில் கத்தினான், கால்களை உதைத்தான். "பாருங்கோ, எவ்ளோ சந்தோஷப்படறார்" என்றார் பர்வதம் ஆன்ட்டி. மல்லாக்க அவனை ஏந்திக்கொண்டு கோட்டை நோக்கி வேகமாக வந்தார்கள். அவன் தலை திரும்பி அன்வர் பாட்சாவைப் பார்த்தது.

அன்வர் பாட்சா யாரையும் அதட்டிப் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. சொந்தப் பிள்ளைகளையே "கொஞ்சம் மெதுவா வாப்பா" என்றுதான் சொல்வார். அன்று கோட்டுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"எறக்குங்கடா கீழ!"

ஊர்வலம் நின்றது.

"மனுசனத் தூக்குறதுக்கு முன்ன அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ஏழு பேரு சேந்து ஒரு பந்தப் புடிக்கத் துப்பில்ல, நடக்குறவனத் தூக்க வந்துட்டீங்க! கூட்டம் போடுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா, கோடிக்கொடி கேக்குதோ? வாயி மட்டும் வண்டலூரு வரைக்கும்! எறக்குங்குறேன்ல! மெதுவா! கணுக்காலு!"

இன்னும் சில வார்த்தைகள் இருந்தன. அதிராம்பட்டினத்தில் கோல் விட்ட கீப்பரை மட்டும் சொல்கிற வார்த்தைகள். அமீருன்னிசா மகள் நிதாவின் காதைப் பொத்தினார்.

இறக்கினார்கள். நாகரத்தினம் அசையாமல் நின்றார். கண்ணில் நீர். "தலைவரே, கேட்டீங்களா? ஒரு பிறமொழிச் சொல் உண்டா பாருங்க. எப்பேர்ப்பட்ட நடை! நான் இருபது வருஷத்துல இந்த மன்றத்துல இப்படி ஒரு தமிழ் கேக்கல."

"கை தூக்குங்கள்" என்றார் கஸ்தூரிரங்கன். ஏழு கைகள் உயர்ந்தன. எட்டாவதாகப் புல்லில் படுத்திருந்த வாஞ்சிநாதனின் கையும் உயர்ந்தது.

ஒர்ஹான் எதையும் பார்க்கவில்லை. திரும்பி நொண்டிக்கொண்டே நடுவட்டத்துக்குப் போனான். அங்கே ஒரு கணம் நின்றான். பிறகு முதலிலிருந்து தொடங்கினான். அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியாக. அன்வர் பாட்சா அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். தோளைத் தாங்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. சும்மா கூட நடந்தார். மலையாளிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கை தட்டினார்கள்.

வாஞ்சிநாதன் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஓரமாகத் தொடர்ந்து வந்தார். "பாய்! பாய், அப்ரூவ் ஆயிடுச்சு! யுனானிமஸ்! மேடைக்கு வாங்க, பொன்னாடை ஒண்ணு மிச்சம் இருக்கு!"

அன்வர் பாட்சா திரும்பவில்லை. "அப்புறம் பாக்கலாம் சார்" என்றார். "இப்ப நடந்துக்கிட்டு இருக்கோம்."